உமிழ்நீர் என்று எழுதிய நாளேடு

நான் பணிபுரிந்து ஓய்வுபெற்ற அருங்காட்சியகத்தின் கல் பணிமனையில் காகித நாளேட்டை நிறுத்திவிட்டுக் கணினிப் படிவம் கொண்டுவருகிறார்கள். செய்தியைத் தொலைபேசியில் சொன்னவர் தேன்மொழி. கோயம்புத்தூரிலிருந்து ஒஸ்லோவுக்கு வந்தவர். பழங்கற்களில் எஞ்சியிருக்கும் வண்ணங்களை ஆராய்பவர். நான் விடைபெற்ற ஆண்டில்தான் அங்கே சேர்ந்தார்.

"சார், ஃபார்ம்ல ஒரே ஒரு இடத்துல மட்டும் ரெண்டு பேர் கையெழுத்து கேக்குது. எந்த லிக்விட் வெச்சு க்ளீன் பண்றோம்னு எழுதுற இடத்துல. ரெண்டாவது ஆள் பாட்டிலை மோந்து பாத்துட்டு கையெழுத்து போடணுமாம். வேற எந்த மியூசியத்துலயும் இப்படி இல்ல. எடுத்துடலாமான்னு மீட்டிங்ல பேசிட்டிருக்காங்க. எதுக்கு வந்துச்சுன்னு யாருக்குமே தெரியல. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும், பிள்ளை. என்னாலைதான் வந்தது."

"சாரி சார், தப்பா எதுவும் கேட்டுட்டேனா?"

"இல்லை. எழுதித் தாறன்."

பணிமனைக்கு நோர்வேஜிய மொழியில் ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். அவர்களுக்கு அது போதும். தமிழில் மீண்டும் எழுதுவதற்குக் காரணம், அந்த விதிக்குக் காரணமான என் தவறை நோர்வேஜியர் ஒருவர் செய்திருக்க மாட்டார் என்பதே. அது ஏன் நிகழ்ந்தது என்பதை அவர்களுக்கு நான் விளக்க வேண்டியிருந்தது. தமிழ் வாசிப்பவருக்கு விளக்கம் பெரிதும் தேவைப்படாது.

தொழிலுக்கு வந்த வழியைச் சுருக்கிவிடலாம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, நோர்வேயின் வட கோடியில் மீன் தொழிற்சாலையொன்றில் மூன்று குளிர்காலங்கள். பின்னர் ஒஸ்லோவில் கல்லறைக் கற்கள் செய்யும் பட்டறையொன்றில் எழுத்து வெட்டவும் மெருகேற்றவும் பழகினேன். மாலை வகுப்பு, ஒரு சான்றிதழ், அதன்பின் அருங்காட்சியகத்தில் உதவியாளர் வேலை. ஒஸ்லோவின் புறநகர் அம்மருடில் வீடு. காலையில் நிலத்தடி ரயிலில் அமர்ந்து மனத்துக்குள் ஒரு தேவாரப் பதிகத்தைத் தொடங்கினால், நகர நடுவில் இறங்குவதற்குள் கடைசிப் பாட்டான கடைக்காப்பு வரை முடித்துவிடலாம். இளமையில் ஓதுவார் ஒருவரிடம் பண்ணோடு கற்றவை அவை. வேலையிலும் உதடு அசையாமல் ஓதிக்கொண்டேயிருப்பேன். கல்லைத் துடைக்கும் வேலை அதற்கு ஏற்றது.

பணிமனையின் தலைமை மாரித். நெடிய பெண்மணி, நரைத்த குட்டை முடி. புதிய கல் எதையும் பார்க்கும்போது இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். கை முன்னால் இருந்தால் அது தொடத் துடிக்கும் என்பார். விளக்கைக் கல்லுக்குப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடிக்கச் சொல்லி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்ல நடப்பார். அப்போது உளியின் ஒவ்வொரு தடமும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். பிறகு மூன்று நாள் வரைதல். புகைப்படம் இருந்தாலும் பென்சிலால் வரைந்தே ஆக வேண்டும். வரையாத இலையைத் துடைக்க அவர் யாரையும் விட்டதில்லை. குரல் உயர்த்தமாட்டார், பாராட்டவும் மாட்டார். நன்றாகச் செய்த வேலையைப் பார்த்தால், "ஆம், இப்படித்தான்" என்பதோடு சரி.

நாளேடு அவருடைய ஒழுங்கு. ஒவ்வொரு நாளும் நான்கு கட்டங்கள் நிரப்ப வேண்டும்: கல்லின் எந்த இடம், எந்த நீர்மம், எத்தனை நிமிடம், பஞ்சில் என்ன வந்தது. "கல் நம்மைவிட நெடுநாள் இருக்கும். நாம் என்ன செய்தோம் என்று அதால் சொல்ல முடியாது. இந்த ஏடுதான் சொல்லும்" என்று நான் சேர்ந்த முதல் நாளில் சொன்னார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் விரித்துரைத்ததில்லை.

ரோமர் கல்லில் அலங்காரம் வெட்டிய முறையை அவரிடமே கற்றேன். நம் கோயில்களில் தூணிலும் தோரணத்திலும் சுருண்டோடும் இலைக்கொடியைச் சிற்பிகள் கொடிக்கருக்கு என்பார்கள். ரோமருடைய கொடிக்கருக்குக்கு மூலம் அகாந்தஸ் என்னும் முள்ளிலைச் செடி. முதலில் பளிங்கைச் சமன்செய்து, ஊசிமுனையால் கொடியின் ஓட்டத்தைக் கீறுவார்கள். பிறகு துறப்பணத்தால் இலை விளிம்பை ஒட்டி வரிசையாகத் துளையிடுவார்கள். துளைகளுக்கு இடைப்பட்ட சுவர்களை உளியால் தட்டினால் ஆழ்ந்த நிழற்கோடு கிடைக்கும். சில இடங்களில் மெல்லிய நுனி முறியாதிருக்க, நகக்கண் அளவு கல்லைப் பாலம்போல் விட்டுவிடுவார்கள். முப்பது அடி உயரத்தில் வைக்கப்போகும் கல் என்பதால், கீழிருந்து எவருக்கும் அந்தப் பாலங்கள் தெரியா. நமக்கு மேசைமேல் தெரியும். அவற்றைக் காணும்போது, வெட்டியவனின் முழங்கையருகே நிற்பதுபோன்ற உணர்வு எனக்கு எப்போதும் வந்ததுண்டு.

இனி அந்தக் கல். கப்பல் தொழிலில் பொருள் சேர்த்த ஒருவர் பல தலைமுறைகளுக்கு முன் ரோமில் வாங்கி வந்து, தம் வீட்டு வரவேற்பறையில் கணப்பு அடுப்புக்கு மேலே சுவரில் பதித்திருந்தார். வீடு கைமாறியபோது வாரிசுகள் அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். இரு கைகளையும் விரித்தால் எட்டும் நீளம், முழங்கை உயரம். நடுவில் ஒரு இலைக்கொத்து. அதிலிருந்து கொடி இடமும் வலமும் பிரிந்து, பக்கத்துக்கு மூன்று சுருளாக ஓடியது. ஒவ்வொரு சுருளின் நடுவிலும் ஒரு பூ. இடப்பக்கத்து இரண்டாம் சுருளில் ஒரு சிறு பறவை பூவைக் கொத்திக்கொண்டிருந்தது. மேல்விளிம்பில் முட்டையும் அம்புமாக மாறிமாறி வரும் வரிசை. அந்த வரிசையை இரண்டு பேர் இரு முனையிலிருந்தும் வெட்டிவந்து நடுவில் சந்தித்திருக்கிறார்கள். கணக்குச் சரியாக வராமல் நடு முட்டை ஒன்று மட்டும் ஒடுங்கியிருந்தது. சிறு கோயிலொன்றின் மேல்வரிக் கல் என்று பழைய பத்திரத்தில் எழுதியிருந்தது. நெடுங்காலக் கணப்புப் புகையில் முழுக் கல்லும் அடுப்புச் சட்டியின் அடிப்புறம்போல் கறுத்திருந்தது.

மூலையில் நான்கு சிறு சதுரங்களில் சோதித்தோம். தூய நீர் கரியை அசைக்கவில்லை. சாராயக் கலவை அதை இழுகிப் பூசியது. அமோனியம் உப்புக் கரைத்த இளஞ்சூட்டு நீர் விரைவாக எடுத்தது. நான்காவது உமிழ்நீர். அது மெதுவாக, ஆனால் சீராக எடுத்தது.

அறியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். பழம்பொருள் துப்புரவில் மனித உமிழ்நீர் மதிப்புள்ள ஒரு நீர்மம். உடல்சூடு, மென்மையான உப்பு, அழுக்கை உடைக்கும் நொதி மூன்றும் அதில் உண்டு. உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். மாரித் ஒரு குச்சியில் பஞ்சைச் சுற்றினார்; நாக்கில் வைத்து நனைத்தார்; கல்லின்மேல் அழுத்தாமல் உருட்டினார்; பஞ்சை எறிந்துவிட்டுப் புதிது சுற்றினார். ஒருமுறை கல்லில் பட்டது மறுபடி வாய்க்குப் போகாது.

"இடப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள், சிவா. உமிழ்நீர் மட்டும்" என்றார்.

"அமோனியம் விரைவாக எடுக்கிறதே" என்றேன்.

"அதனால்தான் வேண்டாம். விரைவானது எதையெல்லாம் எடுக்கிறது என்று நமக்குத் தெரியாது." பிறகு, "கேள்வி ஏதும் உண்டா?" என்றார்.

இல்லை என்றேன். உண்மையில் என் நெஞ்சு கூசிக்கொண்டிருந்தது. பூவை முகர்ந்தால் அது பூசைக்கு ஆகாது என்று வளர்ந்தவன் நான். மாலை கட்டும்போது வாயில் துணி கட்டிக்கொள்பவர்களிடையே வளர்ந்தவன். கோயிலிலிருந்து வந்த கல்லில், அதுவும் பூவும் கொடியும் வெட்டிய கல்லில், என் எச்சிலைப் பூசுவதா?

மதியம் உணவறையில் நான் ரொட்டியைப் பிரித்து வைத்திருந்தபோது அந்தோனி எதிரே வந்து அமர்ந்தார். ஊர்காவற்றுறைக்காரர், கத்தோலிக்கர், வீடு ஹொல்ம்லியாவில். பாரமான பொருள்களை இடம்மாற்றும் குழுவில் வேலை செய்தார். என்னைவிட நாலைந்து வயது இளையவர்.

"என்ன அண்ணை, பாணைக் கையிலை வைச்சுக்கொண்டு தியானமோ?"

"மாரித் துப்பலாலை துடைக்கச் சொல்லுறா."

"எதை?"

"நீர் போன கிழமை தூக்கிக்கொண்டு வந்த கல்லை."

"அதைத் தூக்கி என்ரை முதுகும் நாரியும் இன்னும் நோகுது. முந்தியே தெரிஞ்சிருந்தா நானும் ரெண்டு தரம் துப்பிப்போட்டு வந்திருப்பன்."

"பகிடி விடாதையும். கோயில் கல்லு அது."

"எந்தக் கோயில்? உங்கட சாமியும் இல்லை, எங்கட சாமியும் இல்லை. அந்தச் சாமியைக் கும்பிட்ட சனமே இப்ப இல்லை."

"சனம் இல்லாட்டில் சாமியும் இல்லையோ?"

"அதைச் சுவாமியாரிட்டைத்தான் கேக்கவேணும். எனக்கு லொறி ஓடத்தான் தெரியும்." பாணை ஒரு கடி கடித்து மென்றார். "எங்கட ஆண்டவர் மண்ணிலை துப்பிக் குழைச்சு ஒரு குருடனின்ரை கண்ணிலை பூசினவர், அண்ணை. அவனுக்குக் கண் தெரிஞ்சுது. துப்பல் நீங்கள் நினைக்கிற அளவுக்குக் கூடாததில்லை."

"அது ஆண்டவரின்ரை துப்பல். இது என்ரை."

"அப்ப ஏலாது எண்டு அவவிட்டைச் சொல்லுங்கோ. விழுங்கவா போறா?"

சொல்லவில்லை. சமயத்தைக் காட்டிச் சலுகை கேட்பவன் என்ற பெயர் வேண்டாம் என்று எண்ணினேன். அன்று அதைத் தன்மானம் என்று கருதினேன். மறுநாள் காலை, பணிமனையில் எவரும் இல்லாத வேளையில், அமோனியம் உப்பைச் சோதனைக்குக் கலந்ததிலும் பாதி வலிமையில் இளஞ்சூட்டு நீரில் கரைத்தேன். பாதியானால் தீங்கில்லை என்று எனக்கு நானே முடிவுசெய்துகொண்டேன். புகை உறிஞ்சும் குழாய் மேசைக்கு மேலேயே இருந்ததால் அமோனிய நெடி தங்கவில்லை. பஞ்சை அதில் நனைத்துத் துடைத்தேன். நாளேட்டில், எந்த நீர்மம் என்ற கட்டத்தில், உமிழ்நீர் என்று எழுதினேன். நோர்வேஜிய மொழியில் அது ஐந்தே எழுத்துள்ள சொல். ஏழு வாரம் ஒவ்வொரு நாளும் அதை எழுதினேன்.

கல்லில் எச்சில் படக் கூசியவனுக்கு ஏட்டில் பொய் எழுதக் கூசவில்லை. அவ்வாறு நடந்தது என்று மட்டும் பதிவுசெய்கிறேன்.

அந்த வாரங்களில் மாரித் பெரும்பாலும் வேறொரு கட்டடத்தில் இருந்தார். சேமிப்புக் கிடங்கை இடம்மாற்றும் பொறுப்பு அவர்மேல் விழுந்திருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்து, ஏட்டைப் புரட்டிப் போவார். கரி கழன்று பளிங்கு வெளிவந்தது. முதல் சுருள், பறவை, இரண்டாம் சுருள். நான் ஓதிக்கொண்டே துடைத்தேன். கோயிலில் புல் செதுக்கிப் பாசி களையும் தொண்டு செய்வதாகவே என் மனத்தில் இருந்தது. துளைகளின் ஆழத்தில் சில நாள் கரிக்குப் பின்னால் செம்பழுப்பாக ஏதோ பஞ்சில் வந்தது. அடுப்புச் செங்கல்லின் தூள் என்று எண்ணி, என்ன வந்தது என்ற கட்டத்தில் அப்படியே எழுதினேன். அந்தக் கட்டத்தில் மட்டும் நான் பொய் எழுதவில்லை. எழுத ஒரு காரணமும் இருக்கவில்லை.

இடப்பாதி முடிந்த நாளில் மாரித் நெடுநேரம் பார்த்தார். "ஆம், இப்படித்தான்" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை அவரே வலப்பக்கத்தில் ஒரு இலையைத் தொடங்கினார். நான் வரைபடங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். "சிவா, இங்கே வாருங்கள்" என்று அழைத்தார். அவர் குரலில் அவ்வளவு மாற்றத்தை அதற்குமுன் கேட்டதில்லை. உருப்பெருக்கியில் பார்த்தேன். இலைக்குப் பின்னால் தாழ்ந்திருந்த தளத்தில் சிவப்பு. இலை விளிம்பை ஒட்டித் தூரிகை திரும்பிய இடம்கூடத் தெரிந்தது. ரோமர் தங்கள் கல் அலங்காரங்களுக்கு வண்ணம் பூசினார்கள் என்பது தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரியும்; ஆனால் எங்கள் சேகரிப்பில் அப்படியொன்று எஞ்சிக் கண்டதில்லை. மாரித் அந்தச் சிவப்பின்மேல் உமிழ்நீர்ப் பஞ்சை உருட்டிக் காட்டினார். கரி வந்தது. சிவப்பு அசையவில்லை.

பின்னர் இருவரும் இடப்பக்கத்துக்குப் போனோம். பக்க விளக்கு, உருப்பெருக்கி, புற ஊதா விளக்கு எல்லாவற்றாலும் பார்த்தோம். ஒரு துகளும் இல்லை. அவர் ஏட்டை எடுத்தார்.

"செங்கல் தூள் என்று ஆறு இடத்தில் இருக்கிறதே."

"ஆம்."

"உமிழ்நீர்தானே? வேறு எதுவும் இல்லையே?"

"உமிழ்நீர்தான்" என்றேன். எழுத்தில் சொன்ன பொய்யை அன்று வாயாலும் சொன்னேன்.

"அப்படியானால் அது செங்கல்தான். வண்ணமாக இருந்திருந்தால் உமிழ்நீருக்கு வந்திருக்காது" என்றார். கல்லின் நடுவில் ஒடுங்கியிருந்த முட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இரண்டு பேர் வெட்டியிருக்கிறார்கள். வலப்பக்கம் முடிந்து வண்ணக்காரர் தொடங்கியிருக்கிறார். இடப்பக்கத்துக்கு வரவேயில்லை. இது வேலை பாதியில் நின்றுபோன கோயில்."

இரண்டு வாரத்தில் வெளிநாட்டு அறிஞர்கள் வரும் கருத்தரங்கு ஒன்று எங்கள் அரங்கில் நடக்கவிருந்தது. மாரித் தம் பேச்சின் பொருளை மாற்றிக்கொண்டார். நின்றுபோன அந்தக் கோயிலைப் பற்றிப் பேசப்போவதாகச் சொன்னார். எப்போதும் பதினொன்றரைக்கு ரொட்டியைப் பிரித்து உண்பவர், அந்த நாள்களில் உண்ண மறந்து எழுதிக்கொண்டிருந்தார்.

நான் ரயிலில் பதிகம் தொடங்கினால் இரண்டாம் பாட்டைத் தாண்ட முடியவில்லை. சொல் மறக்கவில்லை. நாக்கு நின்றுவிடும். இல்லாத ஒரு நிகழ்ச்சி, பாதியில் நின்றுபோன ஒரு கோயில், என் கையால் வரலாற்றில் சேர்ந்துகொண்டிருந்தது. நான் பேசாதிருந்தால் அது அச்சேறும். அதை மேற்கோள் காட்டி வேறொருவர் எழுதுவார்.

பொருள் ஏற்றும் முற்றத்தில் அந்தோனியிடம் முழுவதும் சொன்னேன். லொறியின் பின்கதவைச் சாத்திவிட்டு அதில் சாய்ந்து கேட்டார்.

"ஏழு கிழமையும் அந்தத் தண்ணியோ?"

"ஓம்."

"ஒரு நாளாவது துப்பிப் பாத்தியளோ?"

"இல்லை."

"எங்களுக்குப் பாவசங்கீர்த்தனம் எண்டு ஒண்டு இருக்கு. போய் முழங்காலிலை இருந்து சொல்லிப்போட்டு வந்தாச் சரி. உங்களுக்கு அப்பிடி ஒண்டும் இல்லையோ?"

"கடவுளிட்டைச் சொல்லியாச்சு. அவருக்குத் தெரியாததோ?"

"அப்ப மிச்சம் மாரித்துக்குத்தான்." கையுறையைக் கழற்றினார். "வேலை போனாலும் போகும், அண்ணை. பென்ஷனுக்கு இன்னும் கன வருஷம் கிடக்கு. அதையும் யோசிச்சுக்கொண்டு போய்ச் சொல்லுங்கோ. பிறகு அந்தோனி சொல்லேல்லை எண்டு என்னைப் பிடிக்கக்கூடாது."

"சொல்லவேண்டாம் எண்டு நீர் சொல்லுவீர் எண்டுதான் உம்மட்டை வந்தனான்."

"தெரியும். அதுக்குத்தான் சொல்லேல்லை."

கருத்தரங்குக்கு நான்கு நாள் இருக்கையில், காலை எட்டு மணிக்கு ஏட்டோடு மாரித்தின் அறைக்குப் போனேன். அவர் பேச்சுக்கான படங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். உமிழ்நீர் அல்ல, அமோனியம் கரைத்த நீர். முதல் நாள் முதல் கடைசி நாள் வரை.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "என்ன வலிமை?"

சொன்னேன்.

"எவ்வளவு சூடு?"

சொன்னேன்.

"ஒரே இடத்தில் எத்தனை முறை?"

அதையும் சொன்னேன். இவ்வாறு பத்துப் பன்னிரண்டு கேள்விகள். எல்லாம் தொழில் பற்றியவை. குரல் மாறவில்லை. விடைகளை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். பின் ஏட்டை என் பக்கம் தள்ளினார்.

"ஒவ்வொரு நாளையும் திருத்துங்கள். அழிக்காதீர்கள். பழைய சொல்லின்மேல் ஒரு கோடு போடுங்கள். அது வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பக்கத்தில் உண்மையானதை எழுதி, இன்றைய நாளையிட்டு ஒப்பமிடுங்கள்."

அவர் எதிரிலேயே அமர்ந்து முப்பத்தைந்து இடத்தில் கோடு போட்டேன். முடிய ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அந்த நேரத்தில் அவர் தம் படங்களிலிருந்து சிலவற்றை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டிருந்தார். கடைசி ஒப்பத்தை இட்டபின்தான், ஏன் என்று கேட்டார்.

எச்சில் என்ற சொல்லுக்கு நோர்வேஜியத்தில் ஈடு இல்லை. உமிழ்நீர் உடலின் நீர். எச்சில் என்பது அது தொட்டவற்றுக்கெல்லாம் பரவும் ஒரு நிலை. பூவையும் மாலையையும் சொல்லி, என்னால் இயன்றவரை விளக்கினேன்.

"அன்றைக்கே சொல்லியிருந்தால் வேறு நீர்மம் தேடியிருப்போம். வேலை இரண்டு வாரம் பிந்தியிருக்கும். அவ்வளவுதான்" என்றார்.

அந்த இரண்டு வாரத்தை நான் பல ஆண்டு எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

கருத்தரங்கில் பின்வரிசையில் அமர்ந்திருந்தேன். மாரித் வலப்பக்கத்துச் சிவப்பைக் காட்டினார். இடப்பக்கத்தைக் காட்டி, இங்கேயும் வண்ணம் இருந்தது, எங்கள் பணிமனையில் துப்புரவின்போது அதை இழந்தோம் என்றார். ஒருவர் எழுந்து, எவ்வளவு இழந்தீர்கள் என்று கேட்டார். செங்கல் தூள் என்று நான் எழுதிய ஆறு நாள்களையும் வைத்துக்கொண்டு, வண்ணம் இருந்த ஆறு இடங்களை அவர் வரைபடத்தில் குறித்து வந்திருந்தார். "இவை உறுதி. மற்றவற்றை எங்களால் சொல்ல முடியாது" என்றார். என் பெயரைச் சொல்லவில்லை.

எனக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. ஆறு மாதம் கல்லைத் தொடாமல் பொதிகட்டும் பகுதியில் இருந்தேன். பணிமனையின் ஏட்டில், நீர்மம் எழுதும் கட்டத்தில் இன்னொருவர் புட்டியை முகர்ந்து பார்த்து ஒப்பமிட வேண்டும் என்ற விதி அப்போது வந்தது. தேன்மொழி கேட்ட விதி அதுவே. அதை வைத்திருப்பதா நீக்குவதா என்பதை இப்போது இருப்பவர்கள் முடிவுசெய்யட்டும்.

பணிமனைக்குத் திரும்பிய நாளில் வலப்பக்கம், மாரித் தொடங்கிய ஒரு இலையோடு அப்படியே நின்றிருந்தது. மாரித் அதை வேறெவருக்கும் கொடுத்திருக்கவில்லை. மேசைமேல் ஒரு புட்டி. உமிழ்நீருக்கு ஈடாக ஆய்வுக்கூடங்களில் செய்யும் கலவை என்றார். "உங்களுக்காக வரவழைத்தேன். சோதித்துப் பாருங்கள்."

இருவரும் சோதித்தோம். கரியை அரைகுறையாகவே எடுத்தது. துளையின் ஆழத்தில் சற்றும் இறங்கவில்லை.

"நான் செய்கிறேன். நீங்கள் வரைபடத்தைப் பாருங்கள்" என்றார்.

"இல்லை. நான் செய்கிறேன்."

நாற்காலியை இழுத்து என் அருகே அமர்ந்தார். குச்சியில் பஞ்சைச் சுற்றினேன். நாக்கில் வைத்தேன். வாய் வறண்டு கிடந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. மாரித் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வேளையில், நான் சிறுவயது முதல் ஓதிவரும் பாட்டுகளில் போற்றப்படும் ஒரு வேடர் நினைவுக்கு வந்தார். பூசைக்குக் குடமில்லாமல், வாயில் நீரை முகந்து வந்து இறைவன் திருமேனியை நீராட்டியவர். அந்த நீர் இறைவனுக்கு உவப்பானது என்று பல்லாயிரம் முறை உருகி ஓதியிருக்கிறேன். ஏழு வாரமும், அமோனியத்தில் பஞ்சை நனைத்துக்கொண்டு, அவரையும் சேர்த்தே ஓதியிருக்கிறேன். ஓதியது என் கைக்கு எட்டியிருக்கவில்லை.

மூன்றாம் முறை பஞ்சு நனைந்தது. கடைசிச் சுருளின் வெளியிலையில் உருட்டினேன். கரி வந்தது, எறிந்தேன், புதிது சுற்றினேன். ஐந்தாம் பஞ்சில் கரி குறைந்தது. எட்டாம் பஞ்சு வெண்மையாகவே திரும்பியது. இலைக்கும் தளத்துக்கும் நடுவே, துறப்பணத் துளைகளின் வரிசையை ஒட்டி, சிவப்பு அப்படியே நின்றது. மாரித் குனிந்து பார்த்தார். ஏட்டில் நான் எழுதியதன் பக்கத்தில் தம் ஒப்பத்தை இட்டார். "தொடருங்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

வலப்பக்கம் முடியப் பதினாறு வாரமாயிற்று. இப்போது அந்தக் கல் முதல் மாடிக் கூடத்தில், கண்ணுக்கு நேரான உயரத்தில் இருக்கிறது. கீழே உள்ள விளக்கக் குறிப்பை மாரித் எழுதினார்: இடப்பாதியின் வண்ணம் இந்த அருங்காட்சியகத்தில் நடந்த துப்புரவில் அழிந்தது. என் பெயரையும் போடும்படி கேட்டிருந்தேன். பெயர் போட்டால் அது ஒருவருடைய தவறாகச் சுருங்கிவிடும் என்று மறுத்துவிட்டார்.

ஓய்வுபெற்ற பின்னும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் எதிர்ப் பலகையில் அமர்வதுண்டு. வருபவர்களில் குறிப்பை வாசிப்பவர் குறைவு. வலப்பக்கத்துச் சிவப்பைக் கறையென்று எண்ணுகிறார்களோ என்னவோ, அதைத் தாண்டி நடந்து இடப்பக்கத்தின் முன் நிற்கிறார்கள். பறவையைக் குழந்தைகளுக்குச் சுட்டிக்காட்டுகிறார்கள். எவ்வளவு வெண்மை என்று வியந்து, அந்தப் பாதியைத்தான் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.